என் குரலின் எடை

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் விடுதியின் மேற்கூரை சாப்பாட்டுக் கூடத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, பிள்ளைகள் எல்லோரும் பிரார்த்தனை மைதானத்தில் இருந்தார்கள். ஒரு அண்டா ரசம்தான் பலி.

இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துக்கு யாரும் உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் எல்லோரையும், பத்தாம் வகுப்புப் பதினேழு பேரையும் சேர்த்து, வெள்ளிக்கிழமை ஊருக்கு அனுப்புகிறோம். அந்தப் பதினேழு பேருக்கு மார்ச் 27 அன்று அறிவியல் பரீட்சை.

மற்ற பள்ளியாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று விட்டுவிடலாம். எங்களுடையது காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பேச்சியம்மாள் அரையாண்டில் அறிவியலுக்கு இருபத்தேழு மார்க். இந்த முறை தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். அதைப் பேச்சி உதட்டசைவில் படித்துவிட்டாள். பேச்சி என்று பெயர் வைத்த புண்ணியவானும் அவரேதான்.

தலைமையாசிரியை, எங்கள் பெரிய மேடம், ஆபீஸ் வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டார். "பூங்கோதை, இன்பராஜ் சார் அறிவியல் பாடம் நடத்துற வீடியோ இருக்குல்ல, அதையெல்லாம் நம்ம வெப்சைட்ல போட்டுருங்க. பிள்ளைங்க போன்ல பாத்துப் படிக்கட்டும்."

"ரெண்டே நாள்ல போட்டுர்றேன் மேடம்" என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

பிப்ரவரி 26, வியாழன்

கடைசிப் பாடத்தின் பதிவும் முடிந்தது. மொத்தம் இருபத்து மூன்று. இன்பராஜ் சார் கையால் நடத்துவார். அவருக்கும் காது கேளாது. நான் அதை வாயால் சொல்லிப் பதிவு செய்வேன். பள்ளியைப் பார்க்க வரும் விருந்தினர்களுக்குப் புரியட்டும் என்று பெரிய மேடம் செய்த ஏற்பாடு அது. பள்ளி நாளில் பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு வாங்கியவள் நான் என்பதை இங்கே யாருக்கும் சொன்னதில்லை. நாலைந்து பேரிடம்தான் சொல்லியிருப்பேன்.

பதிவு செய்யும்போது சத்தத்தின் தரம் என்னவென்று மென்பொருள் கேட்கும். எப்போதும் இருப்பதிலேயே உச்சமானதைத்தான் தேர்ந்தெடுத்தேன். வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும்.

இங்கே எல்லோருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. பெரிய மேடத்துக்கு நெற்றியில் கட்டைவிரலை ஒற்றுவார்கள், அவர் குங்குமப் பொட்டு அவ்வளவு பெரியது. இன்பராஜ் சாருக்குச் சட்டையின் நெஞ்சைத் துடைப்பார்கள். சின்ன வயதில் சட்டினியைக் கொட்டிக்கொண்டாராம், முப்பது வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது, காது கேளாதவர்கள்தான் வைக்க வேண்டும். நான் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 28, சனி

கோப்புகள் எல்லாம் எம்.கே.வி என்ற வடிவத்தில் இருக்கின்றன. பள்ளித் தளம் எம்.பி.4 தான் வேண்டும் என்றது. கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை அழித்து எம்.பி.4 என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது! இருபத்து மூன்றையும் அரை மணி நேரத்தில் பெயர் மாற்றி, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பெரிய மேடத்திடம் போய் முடிந்தது என்று சொன்னேன். அவர் லட்டு கொடுத்தார்.

மார்ச் 1, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவு புளித்துவிட்டது. லட்டு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 2, திங்கள்

போச்சு. யார் போனிலும் பாடம் ஓடவில்லை. சிலருக்குக் கறுப்புத் திரை, சிலருக்கு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். பேச்சி வீடியோ காலில் வந்து ஆள்காட்டி விரலை முகத்துக்கு முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். சுற்றுகிறது என்கிறாள். புரிந்தது என்று தலையாட்டினேன். மறுபடியும் சுற்றிவிட்டுச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வீடு பென்டிரைவ் அனுப்பலாமா என்றார் பெரிய மேடம். நாலு மாவட்டம், பதினேழு ஊர், செருகுவதற்குக் கணினியே இல்லாத வீடுகள். அவரே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இணையத்தில் ஒரு மாற்றுக் கருவியைக் கண்டுபிடித்தேன். ஒரு பாடத்தை மாற்ற மூன்று மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

மார்ச் 4, புதன்

மாற்றிய முதல் பாடத்தை இன்பராஜ் சாரிடம் காட்டினேன். கோப்பு கைக்கடக்கமாகச் சுருங்கியிருந்தது, பாராட்டுவார் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் ஒரு ரஃப் நோட்டு எப்போதும் கிடக்கும், எனக்குத் தெரிந்த சைகை பத்தாதபோது எழுதிக்கொள்வோம். அதை இழுத்து எழுதினார்: "என் விரல்கள் எங்கே?"

உற்றுப் பார்த்தேன். உண்மைதான். கை வேகமாக அசையும் இடமெல்லாம் விரல்கள் கரைந்து கூழாகிக் கிடந்தன.

"இதில் அமிலமும் காரமும் ஒன்றுபோல் தெரிகிறது. இதைப் படித்துவிட்டுப் பேச்சி பரீட்சையில் என்ன எழுதுவாள்?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. "நான் என்ன வேணும்னா செஞ்சேன்?" என்று வாயாலேயே கத்திவிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் போதுமே. இரண்டு பேரும் தனித்தனியாக டீ குடித்தோம். நீலச் சட்டை போட்டிருந்தார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

கேபிள் டிவி தங்கமாயனைப் போய்ப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ். இப்போது கேபிளைவிடத் திருவிழாக்களை நேரலையில் காட்டுவதுதான் அவருக்கு முழு வேலை. என் கதையைக் கேட்டுவிட்டு நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்.

"பேர மாத்துனீங்களாக்கா? ஏன்க்கா, தயிர் டப்பால எண்ணெய்ன்னு எழுதி ஒட்டுனா எண்ணெயாயிருமா?"

"எனக்கென்ன தெரியும்? வெப்சைட்டு ஏத்துக்கிருச்சு, ஏத்திட்டேன்."

மேசைமேல் அவர் மதியச் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. அதைத் திறந்து மூன்று அடுக்கையும் வரிசையாக வைத்தார். "எம்.கே.வி, எம்.பி.4 இதெல்லாம் வெறும் கேரியருக்கா. உள்ள ஒரு அடுக்குல படம், ஒரு அடுக்குல சத்தம். படத்துக்கு அடியில எழுத்து ஓடணும்னா அதுக்கும் ஒரு அடுக்கு. உங்க படம் போனுக்குப் புரியுற படந்தான். அதை எதுக்கு மறுபடியும் அடுப்புல ஏத்துனீங்க? அதான் கொழஞ்சுபோச்சு. அப்படியே எடுத்து வேற கேரியர்ல வைங்க, அம்புட்டுத்தான். ஒரு பாடத்துக்கு அஞ்சு செகண்டு ஆகும்."

ஐந்து செகண்டு! மூன்று மணி நேரம் கணினியின் மின்விசிறி அலறியதை நினைத்துப் பார்த்தேன்.

அப்புறம், கேரியர் மாற்றினாலும் அந்த வட்டம் சுற்றக்கூடும் என்று அதற்கும் காரணம் சொன்னார். எம்.பி.4 கோப்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டாம். அது பெரும்பாலும் கோப்பின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டியலைப் பார்க்காமல் போன் ஓட்டாது. எங்கள் தளமோ கோப்பை முதலிலிருந்து வரிசையாகத்தான் தருகிறது. கடைசி வரை வந்து சேரும்வரை போன் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். "பட்டியல முன்னால தூக்கி வைங்கக்கா. மாத்தும்போதே ஒரு வார்த்தை சேத்தா முடிஞ்சுது." அந்தக் கட்டளையை ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

கடைசியாகக் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர், திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். "அக்கா, படம் நூத்தம்பது எம்பி. சத்தம் எவ்வளவு தெரியுமா? இருநூத்து முப்பது! கொஞ்சங்கூடச் சுருக்காம பச்சையா வச்சிருக்கீங்க. போனு இந்தச் சத்தத்த வாங்காதுக்கா. யாரு பேசுறது இது?"

"யாரோ" என்றேன்.

"சுருக்கிருங்க. பத்து எம்பிக்குள்ள வந்துரும்."

மார்ச் 6, வெள்ளி

கேரியர் மாற்றியாயிற்று. படம் பளிச்சென்று இருக்கிறது. இன்பராஜ் சார் நோட்டில் "விரல்கள் திரும்பி வந்துவிட்டன, நன்றி" என்று எழுதினார். பக்கத்தில் பத்து விரலோடு ஒரு கை வரைந்திருந்தார். ஒரு கைக்குப் பத்து விரலா என்று கேட்டேன். அறிவியல் வாத்தியார்!

தங்கமாயன் சொன்னபடி சத்தத்தையும் சுருக்கிப் பார்த்தேன். சகிக்கவில்லை. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் இருக்கிறது. "நடுநிலையாக்கல் நிகழ்கிறது" என்று நான் அழுத்திச் சொல்லும் இடத்தில் அந்த ழகரமும் லகரமும் என்ன பாடுபடுகின்றன! தேடிப் பார்த்ததில் தரம் துளியும் குறையாமல் பாதியாகச் சுருக்கும் முறை ஒன்று கிடைத்தது. அதில் மூன்று பாடங்களை ஏற்றினேன்.

மார்ச் 7, சனி

பாடம் உடனே தொடங்குகிறது, ஆனால் ஒரு நிமிடம் ஓடினால் இரண்டு நிமிடம் சுற்றுகிறது என்று பதினாறு பேர் செய்தி அனுப்பினார்கள். சிக்னல் கோளாறு. பேச்சி மட்டும் ஒன்றும் எழுதவில்லை, விரலைச் சுற்றும் வீடியோ ஒன்றை அனுப்பினாள்.

வேறு சில அமைப்புகளை முயன்று பார்க்கிறேன். ழகரம் இன்னும் சரியாக வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ழகரம் பரவாயில்லை. இப்போது றகரம்.

மார்ச் 9, திங்கள்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வரியை நாற்பது தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். இன்பராஜ் சார் வந்து எதிரே உட்கார்ந்தார். பிறகு நோட்டை இழுத்தார்.

"மூன்று பாடம்தான் போயிருக்கிறது. மீதி இருபது எப்போது?"

"சத்தம் சரியாகவில்லை" என்று எழுதினேன்.

"எவ்வளவு பெரிய சத்தம்?"

"முதலில் படத்தைவிடக் கனம். இப்போது முக்கால் பங்கு."

அவர் பேனாவைக் கையில் வைத்து உருட்டினார். எழுதினார்: "பூங்கோதை மேடம், பதினேழு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காது கேட்கும்?"

அந்த வரியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். ஹெட்போனைக் கழற்றினேன்.

அவர் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தமாகவே சிரித்துவிட்டார், மேசையைத் தட்டித் தட்டி. பெரிய மேடம் எட்டிப் பார்த்தார், நோட்டைப் படித்தார், கதவைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். "ஏம்மா, நமக்கு ஒருத்தருக்குக்கூடத் தோணலையே! நானும்ல நாலு நாளா சத்தம் சரியாச்சா, சத்தம் சரியாச்சான்னு கேட்டுக்கிட்டுத் திரியிறேன்!"

நானும் சிரித்தேன். பிறகு சத்தம் இருந்த அடுக்கை எடுத்துவிட்டு, படத்தை மட்டும் வைத்து இருபத்து மூன்றையும் மாற்றினேன். மொத்தமே இரண்டு நிமிடம்தான் ஆனது. இத்தனை நாள் பிள்ளைகள் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று இப்போது எழுத வேண்டிய அவசியமில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எல்லோருக்கும் ஓடுகிறது! நிற்காமல், திணறாமல். பேச்சி இரண்டு பாடம் முடித்துவிட்டு நோட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். இன்பராஜ் சார் போனைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்க் காட்டினார். வகுப்புகளில் பிள்ளைகளே இல்லை, பெஞ்சுகளுக்குக் காட்டியிருப்பார்.

மார்ச் 11, புதன்

குரல் போனதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

மார்ச் 12, வியாழன்

பதினோரு மணிக்கு ஒரு போன். பேச்சியின் அம்மா ஒச்சம்மாள். அவருக்கு நன்றாகக் காது கேட்கும். ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

"டீச்சரம்மா, ஒங்க கொரலு எங்கிட்டுப் போச்சு?"

நான் டீச்சர் இல்லை, ஆபீஸ் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சரம்மாதான். "எடுத்துட்டேங்க. பாடம் நின்னு நின்னு ஓடுச்சுல்ல, அதான். பேச்சிக்கு அது தேவையில்லையே."

"அவளுக்கு வேணாந்தாயி, எனக்கு வேணும்ல!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். முதல் மூன்று பாடங்களையும் பேச்சியோடு உட்கார்ந்து அவரும் பார்த்திருக்கிறார். அது நின்று நின்று சுற்றியதில் நாலு நாளும் அதே மூன்று பாடம்தான். நான் ஒரு வார்த்தையைச் சொல்லும்போது சாரின் கை என்ன செய்கிறது என்று பார்ப்பாராம். வட்டம் சுற்றும் நேரத்தில் அந்தக் கையைத் தானும் செய்து பார்ப்பாராம்.

"பதினஞ்சு வருசமா அவ கைய ஆட்டுவா, நான் தலைய ஆட்டுவேன். ஒண்ணும் புரியாது டீச்சரம்மா. முந்தாநேத்துச் சாப்புடும்போது, கொழம்புல அமிலம் சாஸ்தின்னு கையால சொன்னா. எனக்குப் புரிஞ்சுபோச்சு! புளி கூடிப்போச்சுங்குறா! ஆமாடி, கூடிப்போச்சுன்னு நானும் கையால சொன்னேன். புள்ள அப்படியே சோத்துல கைய வச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் ரெண்டு பேரும் அழுதுட்டோம்."

நானும் அழுதுவிட்டேன். ஆபீசில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அழுதிருப்பேன்.

"மத்த பாடத்துக்கும் கொரலு போடுவீகளா?"

"இன்னைக்கே போடுறேன்" என்றேன்.

அதன்பின் ழகரத்தையாவது றகரத்தையாவது! சத்தத்தைப் பத்து எம்பிக்குள் சுருக்கி எறிந்தேன். மூன்றரை மணிக்குள் இருபத்து மூன்று பாடங்களிலும் படம் ஒரு அடுக்கு, சத்தம் ஒரு அடுக்கு, பட்டியல் முன்னால். சாயங்காலம் ஒச்சம்மாளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு தாயி. ஆனா ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. நிக்காம ஓடுது."

நடந்ததை இன்பராஜ் சாருக்கு எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதினார்: "என் அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை." இன்று ஒன்றாக டீ குடித்தோம்.

மார்ச் 16, திங்கள்

பேச்சியில் தொடங்கி இப்போது பிள்ளைகள் எல்லோரும் வீடியோ காலில் செய்யும் அந்த விரல் சுற்றலைப் பற்றி இன்று இன்பராஜ் சாரிடம் கேட்டேன். "இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறதே, இன்னும் ஏன் சுற்றுகிறது என்கிறார்கள்?"

அவர் கண் மின்னியது. "அவர்கள் பாடத்தைச் சொல்லவில்லை. உங்களைச் சொல்கிறார்கள். அதுதான் உங்கள் கைப்பெயர். இரண்டு வாரமாக."

ஐந்து மாதம் காத்திருந்து கடைசியில் எனக்குக் கிடைத்தது சுற்றிக்கொண்டே இருந்து ஒன்றுக்கும் உதவாத வட்டமா! "மாற்றச் சொல்லுங்கள்" என்று கோட்டுக்குக் கோடு அழுத்தி எழுதினேன். தாள் கிழிந்துவிட்டது.

"முடியாது" என்று எழுதிவிட்டு, சட்டையின் நெஞ்சைத் துடைத்துக் காட்டினார்.

மார்ச் 27, வெள்ளி

அறிவியல் முடிந்தது.

பன்னிரண்டு மணியிலிருந்து நானும் இன்பராஜ் சாரும் பரீட்சைப் பள்ளியின் வாசலில் வெயிலில் நின்றோம். ஒச்சம்மாளும் வந்திருந்தார், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பேச்சி கடைசி. முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் ஓடிப்போய்க் கேட்கலாம் என்று ஒரு அடி வைத்தேன். இன்பராஜ் சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒச்சம்மாள்தான் முன்னால் போனார். பையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தூக்கி, தப்பும் தவறுமாக, பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டார். கையால். வாயைத் திறக்கவே இல்லை, அவர்!

பேச்சி பதில் சொன்னாள். மெதுவாக, அம்மாவுக்குப் புரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாக. ஒச்சம்மாள் எங்கள் பக்கம் திரும்பி ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "நல்லா எழுதிருக்காளாம் டீச்சரம்மா! ரெண்டு மார்க்குக் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் விட்டுட்டாளாம்! அமிலக் கேள்வி முழுசா எழுதிட்டாளாம்!"

மார்க் வரட்டும், பார்ப்போம். எனக்கு இப்போதே போதும்.

பேச்சி என்னிடம் வந்தாள். விரலை முகத்துக்கு முன்னால் சுற்றினாள், அதே வட்டம். நான் முறைத்தேன். அவள் சுற்றுவதை நிறுத்தினாள். அந்த விரலை என் உதட்டருகே கொண்டுவந்து, ஐந்து விரலும் விரிய, அங்கிருந்து தன் அம்மாவின் பக்கம் நீட்டினாள். மறுபடியும் ஒருமுறை செய்தாள், நான் பிசகாமல் பிடித்துக்கொள்ளட்டும் என்று. பின்னால் நின்ற பிள்ளைகளும் செய்தார்கள். வட்டம் சுற்றி, நின்று, வாயிலிருந்து விரிந்து போகும் கை.

இன்பராஜ் சாரைப் பார்த்தேன். நோட்டு கொண்டுவரவில்லை. அவரும் கையாலேயே அந்தப் பெயரைச் சொல்லி, பின்னால் ஒரு கேள்வியைச் சேர்த்தார். டீ குடிக்கப் போகலாமா என்பது எனக்கு எழுதிக் காட்டாமலே புரிந்தது.

வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று என் பெயரைச் செய்து பார்த்தேன். வட்டம் வந்தது, விரல்கள் சரியாக விரியவில்லை. மறுபடியும் செய்தேன். பத்தாவது தடவை சரியாக வந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகிடந்தது.